அலையாத்திக் காட்டுக்கும் குடிமராமத்து வேண்டும்

ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றை ஊரார் ஒன்றுகூடித் தூர்வாரிப் பராமரிக்கும் குடிமராமத்து முறையை நமது விவசாயிகள் நன்கு அறிவர். தலைமடையில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயல் காய்ந்துதான் போகும். இது அனுபவத்தில் கண்ட உண்மை. கடலோரத்தில் உப்புநீரில் வளரும் அலையாத்திக் காட்டுக்கும் இதே உண்மை பொருந்தும். கடலூர் மாவட்டம் பிச்சாவரத்தில் பட்டுப்போன காடு மறுபடியும் தழைத்தது, கன்றுகளை நட்டதால் மட்டும் அன்று. அடைபட்டுக் கிடந்த நீரோட்டத்தைத் திறந்துவிட்டதும், அந்த நீரோட்டத்தை ஊர் மக்களே பராமரித்ததும்தான் அதற்கு முக்கிய காரணங்கள்.

கடலோரப் பாதுகாப்பு என்றால் அது வனத்துறையின் வேலை, மீனவர்களின் கவலை என்று விவசாயிகள் ஒதுங்கி நிற்பது உண்டு. அது சரியன்று. காவிரிப் பாசனத்தின் கடைமடையிலும், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றின் முகத்துவாரங்களை ஒட்டியும் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் வயல், வடிகால், கால்நடை ஆகிய மூன்றும் இந்தக் காட்டோடு தொடர்புடையவை. தங்கள் ஊரில் இத்தகைய பணியை முன்னின்று நடத்த விரும்புவோருக்குப் பயன்படும் வகையில், காடு அழிந்த காரணத்தையும், அதை மீட்ட முறையையும், ஊர்க்குழு செயல்பட வேண்டிய விதத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

அலையாத்திக் காடு என்பது யாது?

ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்களில், ஓதம் ஏறும்போது நனைந்தும் இறங்கும்போது வெளிப்பட்டும் கிடக்கும் சேற்று நிலத்தில் வளரும் மரங்களின் தொகுதியே அலையாத்திக் காடு ஆகும். இதைச் சுரபுன்னைக் காடு என்றும் சதுப்புநிலக் காடு என்றும் கூறுவர். தமிழ்நாட்டில் இவ்வகைக் காடுகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, சிதம்பரம் அருகே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம். மற்றொன்று, காவிரி டெல்டாவின் தென்கோடியில் பாமணியாறு, கோரையாறு முதலிய ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் உள்ள முத்துப்பேட்டை. பிச்சாவரம் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இக்காடுகளில் அதிகமாகக் காணப்படும் மரம் வெண்கண்டல். இது வேரின் மூலம் உள்ளே வரும் உப்பில் ஒரு பகுதியை இலைகளில் உள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றிவிடும். இலையை நாவில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிப்பது இதனால்தான். சேற்றில் காற்றோட்டம் இல்லாததால், இம்மரத்தின் மூச்சு வேர்கள் தரையிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல் மேல்நோக்கி நிற்கும். சுரபுன்னை மரமோ முட்டுவேர்களை ஊன்றி நிற்கும். இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கிப் பின் சேற்றில் விழுந்து வேர்விடும். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லை மரமும் இக்காட்டைச் சேர்ந்ததே. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும் என்பதை வெட்டச் செல்வோர் அறிந்திருக்க வேண்டும்.

இவை உப்பைத் தாங்கும் மரங்கள் என்பதால் எவ்வளவு உப்பையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஓதநீர் தினமும் வந்து போக வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றுநீரும் வந்து உப்பைக் கழுவ வேண்டும். இவ்விரண்டும் நின்றுபோனால் இம்மரங்களும் பட்டுப்போகும்.

விவசாயிக்கு இதனால் என்ன பயன்?

முதலாவது, புயலின்போதும் கடல் பொங்கும்போதும் அலையின் வேகத்தை இக்காடு தணிக்கின்றது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலூர் மாவட்டக் கரையோரத்தை ஆராய்ந்து 2005-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றும், மரங்கள் அடர்ந்திருந்த இடங்களில் அழிவு குறைந்திருந்ததை எடுத்துக்காட்டியது. ஆயினும் எல்லாவற்றுக்கும் மரமே காரணம் என்று கூறிவிட இயலாது. ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது, எவ்வளவு மேட்டில் உள்ளது என்பவையும் சேதத்தின் அளவை நிர்ணயிக்கும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது முத்துப்பேட்டைக் காடே கடுமையாகப் பாதிக்கப்பட்டது. காடு இருந்தால் புயலே தாக்காது என்று யாரும் நம்ப வேண்டாம். காடு இருந்தால் அடி குறையும் என்பதே சரி.

இரண்டாவது, கடலில் முட்டையிடும் வெள்ளை இறாலின் இளங்குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து இக்காட்டின் வேர்களுக்கிடையே வளர்ந்து, பின் கடலுக்குத் திரும்புகின்றன. உதிரும் இலை மக்கி மீனுக்கும் நண்டுக்கும் உணவாகின்றது. காடு குறைந்தால் கழியில் மட்டுமன்றிக் கடலிலும் வலை இலேசாகும். விவசாய வேலை இல்லாத மாதங்களில் கழியில் மீன், நண்டு பிடித்து வாழும் குடும்பங்கள் கடலோர ஊர்களில் பல உள்ளன.

மூன்றாவது, ஆறு கொண்டுவரும் வண்டலை வேர்கள் பிடித்து நிறுத்துவதால் கரை அரிப்பது குறைகின்றது. எனினும் நிலத்தடி வழியே உப்புநீர் ஊடுருவுவதை இக்காட்டால் மட்டும் தடுக்க முடியாது. கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளில் அளவுக்கு மீறி நீர் இறைத்தால் காடு இருந்தும் கிணறு உவர்க்கும்.

காடு அழிந்தது எவ்வாறு?

பிச்சாவரத்தில் காடு குறைந்ததற்கு, ஊர் மக்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது முதற்காரணம் வேறு என்று தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, காட்டைப் பாத்திகளாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொரு பகுதியாக முழுவதும் வெட்டி எடுக்கும் முறை பின்பற்றப்பட்டு வந்தது. அதன் விளைவை நெல் விவசாயி எளிதில் புரிந்துகொள்ளலாம்.

மரம் முழுவதும் வெட்டப்பட்ட இடத்தில் வெயில் நேரே சேற்றில் பட்டது. சேற்றில் இருந்த நீர் ஆவியாகியது. மண் இறுகி அமிழ்ந்தது. வெட்டாத ஓரங்கள் மேடாக நிற்க, நடுப்பகுதி தொட்டிபோல் தாழ்ந்தது. உயர்ந்த ஓதத்தின்போது உள்ளே புகுந்த கடல்நீர் திரும்பி வெளியேற வழியின்றித் தேங்கியது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அந்நீரில் பாதி வெயிலில் ஆவியாகிவிட்டால், எஞ்சிய நீரில் லிட்டருக்கு 70 கிராம் என்ற அளவில் உப்பு நிற்கும். மீண்டும் ஓதநீர் புகும், மீண்டும் ஆவியாகும். உப்பளத்தில் உப்பு விளைவதும் இப்படித்தான். அத்தகைய மண்ணில் விழும் விதை முளைப்பதில்லை, முளைத்தாலும் நிலைப்பதில்லை. உமரிப் பூண்டு மட்டுமே அங்கங்கே படரும்.

தமிழ்நாட்டுக் கரையில் இத்தொல்லை மிகுதியாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கு ஓதம் ஏறி இறங்கும் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆதலால் ஒரு முழ மேடுகூட நீர் வடிவதைத் தடுத்துவிடும். இத்துடன், மேலே அணைகளும் பாசனமும் பெருகியதால் கழிமுகத்துக்கு வரும் நல்ல தண்ணீரும் குறைந்தது. முத்துப்பேட்டையில் இப்போது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் ஆற்றுநீர் போதிய அளவில் வந்து சேர்கின்றது.

நோய் இன்னதென்று தெரிந்ததால் இரண்டு நன்மைகள் விளைந்தன. மருந்து தெரிந்தது என்பது ஒன்று. காட்டை அழித்தவர்கள் என்ற பழி ஊர் மக்கள் மீதிருந்து இறங்கியது என்பது மற்றொன்று. பழி சுமத்தப்பட்டவரைப் பணிக்கு அழைத்தால் யாரும் மனமுவந்து வரமாட்டார்கள். பாதுகாப்புப் பணிக்குத் தலைமை ஏற்பவர் இதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

மீன்முள் வாய்க்கால்

மருந்து எளியது: தேங்கிய நீரை வடிய விடுவது, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்வது. இதற்கு மீன்முள் வாய்க்கால் முறை கையாளப்பட்டது. இயற்கையான ஓடையிலிருந்து தாழ்ந்த நிலத்தினூடே ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டப்படும். அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டப்படும். மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்கமுட்களும் போல் தோன்றும். கரை சரியாமலிருக்க வாய்க்கால் மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருக்க வேண்டும். வெட்டும் ஆழம், ஓதம் இறங்கும்போது நீர் ஓடைக்குத் திரும்பும் அளவுக்கு இருக்க வேண்டும். ஆழம் மிகுந்தால் அடியில் நீர் நின்றுவிடும். குறைந்தால் உள்ளே நீர் வராது.

கன்றுகள் மேட்டிலும் நடப்படுவதில்லை. வாய்க்காலின் அடியிலும் நடப்படுவதில்லை. வாய்க்காலின் சரிவில், ஓதம் ஏறும்போது நனைந்து இறங்கும்போது வடிந்துவிடும் மட்டத்தில் நடப்படுகின்றன. வெளிப்புறமாக உப்பு மிகுந்த இடங்களுக்கு வெண்கண்டலும், நீரோட்டம் நன்றாக உள்ள ஓடைக்கரைகளுக்குச் சுரபுன்னையும் ஏற்றவை. நாளடைவில் வாய்க்கால்களுக்கு இடைப்பட்ட நிலத்திலும் உப்பு குறைந்து, வளர்ந்த மரங்களிலிருந்து விழும் விதைகள் தாமாகவே முளைக்கத் தொடங்கும்.

முத்துப்பேட்டைப் பகுதியில் மீன் பிடிப்பதற்காகக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவ்வாய்க்கால்களின் கரைகளில் மரங்கள் செழித்திருப்பதைக் காணலாம். ஓதநீர் ஓடினால் காடு வளரும் என்பதற்கு இது கண்கூடான சான்றாகும்.

பிச்சாவரத்தில் 1993-ஆம் ஆண்டு வாக்கில் சிறு அளவில் செயல்விளக்கமாகத் தொடங்கிய இம்முறை, பின்னர் வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்த கூட்டு மேலாண்மைத் திட்டமாக விரிவடைந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆராய்ந்ததில், 1986-க்கும் 2002-க்கும் இடையில் பிச்சாவரத்தில் காடு அமைந்த பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது தெரியவந்தது. தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 1,500 எக்டர் சீரழிந்த காடு இவ்வழியில் மீட்கப்பட்டது.

ஊரே நடத்தும் முறை

தங்கள் ஊர் எல்லையில் இத்தகைய பணியை மேற்கொள்ள விரும்புவோர் கீழ்க்கண்ட வரிசையில் செயல்படுவது நல்லது.

1. எல்லோரையும் அழைத்தல்: காட்டை எவரெவர் பயன்படுத்துகின்றனர் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். வலை வைத்து மீன் பிடிப்போர், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், விறகு பொறுக்கும் பெண்கள், ஆடு மாடு வைத்திருப்போர், ஓரத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உறுப்பினராக இருப்பது நல்ல முறை. ஒவ்வோர் ஓடையும் எங்கே தூர்ந்தது என்பதை இருளர் அறிந்த அளவு வேறெவரும் அறியார். அவர்களைக் கூலிக்கு மட்டும் அழைத்து, குழுவில் சேர்க்காமல் விட்டால் பணிக்குத்தான் நட்டம்.

2. நிலத்தை அறிதல்: கன்று வாங்குமுன் நீரைக் கவனிக்க வேண்டும். அளவு குறித்த மூங்கில் கழிகளைப் பல இடங்களில் நட்டு, அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின்போதும், அட்டமி, நவமியை ஒட்டிய தாழ்ந்த ஓதத்தின்போதும் நீர்மட்டத்தைக் குறித்துவர வேண்டும். ஓடையில் நீர் இறங்கிய பின்னும் எந்தக் கழியில் நீர் இறங்கவில்லையோ அதுவே தொட்டிப்பள்ளம். கோடையில் வெள்ளையாக உப்புப் பூத்த இடங்களையும் குறிக்க வேண்டும். அவ்விடங்களில் மண் மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவை அறியலாம். முன்பு மரம் இருந்த இடம் எது, நீர் ஓடிய வழி எது என்று முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதும் அவசியம்.

3. அனுமதி பெறுதல்: காப்புக் காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கக் கூடாது. வனத்துறை அலுவலர்களை முதற்கூட்டத்திலேயே அழைத்து, யார் எதைச் செய்வது, யாருக்கு என்ன உரிமை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1991-ல் முதன்முதலாக வெளியிடப்பட்டு 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் மாற்றியமைக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, அலையாத்திக் காடுகள் மிகுந்த பாதுகாப்புக்கு உரிய முதல் வகையில் அடங்குகின்றன.

4. மாற்று ஏற்பாடு: ஒரு பகுதியை நான்கைந்து ஆண்டுகளுக்கு அடைத்து வைத்தால், முதலில் அடி படுவது ஏழையின் அடுப்பும் ஆடும்தான். ஆகையால் அடைக்கும் முன் மாற்று வேண்டும். அடைத்த பின் தருகிறோம் என்பது வேலைக்கு ஆகாது. மணற்பாங்கான புறம்போக்கிலும் பட்டா நிலத்திலும் விறகுக்குச் சவுக்கு நடலாம். நல்ல நீர் உள்ள வரப்புகளில் அகத்தியும், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் தீவனத்துக்கு உதவும். மீன்பிடிக்கும் வழியில் வாய்க்கால் குறுக்கிட்டால், போக வர இடம் விட்டு வெட்ட வேண்டும்.

5. வாய்க்காலும் நடவும்: மழைக்கு முன்பே வாய்க்கால் வெட்டி முடித்துவிட வேண்டும். பருவமழையும் ஆற்றுநீரும் வந்து உப்பைக் கழுவிய பின், உப்பு குறைந்திருக்கும் காலத்தில் நடவேண்டும். விதைகளையும் முளைக்கன்றுகளையும் அதே கழிமுகத்தின் முதிர்ந்த மரங்களிலிருந்து சேகரிப்பது நல்லது.

6. தூர்வாருதல்: ஓதநீர் ஒவ்வொரு முறையும் சிறிது வண்டலைக் கொண்டுவந்து வாய்க்காலில் விட்டுச் செல்லும். கவனிக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் வாய்க்கால் தூர்ந்து, நிலம் பழைய தொட்டியாகிவிடும். ஆதலால் கன்றுகள் வேர் பிடித்து நிலைக்கும் வரை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். எந்தத் தெரு எந்த வாய்க்காலுக்குப் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். குடிமராமத்து என்று நாம் கூறுவது இதைத்தான். வெளியிலிருந்து வரும் பணம் ஒருநாள் நின்றுவிடும். மண்வெட்டி பிடிக்கும் முறை ஊரில் நிலைத்தால்தான் காடும் நிலைக்கும்.

7. கணக்கும் கூட்டமும்: வரவு செலவை மாதக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைவிடப் பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையே முக்கியம். உதாரணமாக, 10,000 கன்று நட்டு 2,000 பிழைப்பதைவிட, 3,000 கன்று நட்டு 2,400 பிழைப்பதே மேல். ஆண்டுக்கு ஒருமுறை பிழைத்தவற்றை எண்ணி ஊர்ப் பலகையில் எழுதி வைப்பது நல்லது.

இலங்கை தரும் பாடம்

நீரைக் கவனிக்காமல் கன்றை மட்டும் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமது அண்டை நாடே சான்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரையோரம் எங்கும் பெருமுயற்சியுடன் அலையாத்தி நடப்பட்டது. அவற்றை ஆராய்ந்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பார்வையிட்ட 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு ஆகிய 3 மட்டுமே. 1,000 முதல் 1,200 எக்டர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 எக்டர் அளவே தேறியது. பொருந்தாத மட்டத்தில் நட்டதும், நட்டபின் கவனிக்காமல் விட்டதும், கால்நடைகள் மேய்ந்ததும் தோல்விக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானவை. நடவு விழாவோடு பணி முடிந்துவிட்டது என்று எண்ணும் எந்த ஊருக்கும் இதே கதி நேரலாம்.

கடைமடை விவசாயியின் பங்கு

குழுவில் உள்ள விவசாயிகள் மற்றவர்களிடம் எதிர்பார்ப்பதற்கு முன் தாங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு.

சம்பா நடவு முடிந்தபின் மேய்ச்சலுக்கு இடமில்லாமல் மாடுகளைக் காட்டுப்பக்கம் ஓட்டிவிடுவது கடலோர ஊர்களில் வழக்கம். அலையாத்திக் கன்று நடுவதும் அதே மழை மாதங்களில்தான். வெண்கண்டல் இலையை மாடு விரும்பித் தின்னும். தின்னாத கன்றையும் மிதித்துவிடும். ஆகவே குறுவை, தாளடி வைக்கோலைப் படப்பாகச் சேமித்து, மழைக்காலத்தில் மாட்டைக் கொட்டிலில் கட்டித் தீனி போட வேண்டும். முதல் சில ஆண்டுகளில் இதை ஊர்க்கட்டுப்பாடாகவே கொள்ளலாம்.

வயலில் தெளிக்கும் பூச்சிமருந்தின் ஒரு பகுதி வடிகால் வழியே கழிக்குச் சென்று இறால் குஞ்சுகளையும் நண்டுகளையும் பாதிக்கின்றது. பூச்சியின் சேதம் பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டுமே மருந்து தெளித்தல், தெளித்தபின் சில நாள் வயல்நீரை வடிக்காமல் நிறுத்திவைத்தல் ஆகியவை பெரிதும் உதவும். கழிமுகத்துக்குச் செல்லும் வடிகால்களை மறித்து ஆக்கிரமிப்பதையும் தவிர்க்க வேண்டும். மழைக்காலத்தில் அவ்வழியே செல்லும் நல்ல தண்ணீர் வீணாகின்றது என்று எண்ணக் கூடாது. காட்டின் உப்பைக் கழுவுவது அதுவே. வடிகால் திறந்திருந்தால் நமது வயலில் வெள்ளம் தேங்குவதும் குறையும்.

உவர் பாய்ந்த நிலத்தை இறால் பண்ணைக்கு விடுமுன் நன்கு யோசிக்க வேண்டும். விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஈரநிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டின் சட்டப்படி கடலோரப் பண்ணைகள் பதிவு பெறுவது கட்டாயம். ஒருவர் நிலத்தில் உப்புநீரைத் தேக்கினால் அடுத்தவர் நெல்லும் குடிநீர்க் கிணறும் பாழாகும். ஓதநீர் இயல்பாக வந்து போகும் இடங்களில், குட்டையின் கரைகளிலும் உள்மேடுகளிலும் அலையாத்தி வளர்த்து, குட்டையில் கொடுவா மீனும் நண்டும் வளர்க்கும் ஒருங்கிணைந்த முறை வெள்ளாற்றுக் கழிமுகப் பகுதியில் செயல்விளக்கமாகச் செய்து காட்டப்பட்டுள்ளது. உரிய அனுமதி பெற்று, வல்லுநர் ஆலோசனையுடன் இதை மேற்கொள்ளலாம்.

எல்லாக் கரைக்கும் ஒரே முறை ஆகாது

அலையாத்தி சேற்றுக் கழிமுகத்துக்கு உரியது. மணற்கரையில் அதை நடுவது வீண். அங்கே அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேடுகளே காவல். அவற்றை அள்ளி விற்காமலிருப்பதே அங்குச் செய்யவேண்டிய முதற்பணி. பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரையில் நீர்விளிம்பு வரை சவுக்கு நட்டால் ஆமைக்கு இடமில்லாமல் போகும். பறவைகள் இரை தேடும் திறந்த சேற்றுவெளி முழுவதையும் காடாக்க முனைவதும் தவறு. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் பாதுகாக்கப்பட வேண்டியவை. அங்கு 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அமைக்கப்பட்டது. பாக் விரிகுடாவில் கடற்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாதுகாப்பகம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. எந்தக் கரையாயினும், அங்கே இயற்கையாக இருந்தது எது, அதை நலிவித்தது எது என்று கண்டு, அக்காரணத்தை நீக்குவதே முறையாகும்.

முடிவுரை

அலையாத்திக் காடுகளை மீட்பதற்காக மத்திய அரசு 2023 ஜூன் 5-ஆம் நாள் ‘மிஷ்டி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 9 மாநிலங்களிலும் 4 ஒன்றியப் பகுதிகளிலும் சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பை இலக்காகக் கொண்ட திட்டம் இது. இத்தகைய திட்டங்கள் ஊருக்கு வரும்போது கன்றும் கூலியும் வரும். அப்போது ஊர்க்குழு கேட்கவேண்டிய முதற்கேள்வி, எத்தனை கன்று தருவீர்கள் என்பதன்று. நீர் எவ்வழியே வந்து எவ்வழியே போகும், வாய்க்காலை ஆண்டுதோறும் யார் தூர்வாருவது என்பதே.

இக்கேள்விக்கு விடை காணும் தகுதி நமது விவசாயிகளுக்கு உண்டு. மடை திறப்பதும், முறை வைப்பதும், வடிகால் வெட்டுவதும், கூடித் தூர்வாருவதும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. அந்த அறிவை வயலின் கடைசி வரப்போடு நிறுத்தாமல், கழிமுகம் வரை கொண்டு செல்ல வேண்டும். கடலோர விவசாயிகள் வரும் கோடையிலேயே மூங்கில் கழிகளை நட்டு ஓதத்தின் போக்கைக் குறிக்கத் தொடங்கினால், மழைக்கு முன் வாய்க்கால் வெட்டுவதற்கு வேண்டிய விவரம் கையில் இருக்கும். மேலும் விவரம் தேவைப்படுவோர் தங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்தையும், வேளாண்மை அறிவியல் நிலையத்தையும் அணுகிப் பயன்பெறலாம்.